மறுமொழி: டெலிகேட், டிரஸ்டி – ஆளுக்குப் பெயரா, வாக்குக்குப் பெயரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாக்காளர் சொன்னபடி அவையில் வாக்களிக்கும் மக்கள் பிரதிநிதியை ஆங்கிலத்தில் டெலிகேட் என்கிறார்கள், தாமே யோசித்து வாக்களிப்பவரை டிரஸ்டி என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொல் கேட்டதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். டெலிகேட்டுக்குத் தூதர், பேராளர், ஏவலர். டிரஸ்டிக்கு அறங்காவலர், நம்பகர், மதிவழியர். எல்லாமே ஆளுக்கு வைத்த பெயர்கள். உறுத்தல் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

> டிரஸ்டிக்கு அறங்காவலர் என்று சட்டத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது, சொத்து விவகாரத்துக்கு. அங்கே அறங்காவலர் யாருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறாரோ அவர் பல சமயம் மைனர், இல்லையென்றால் தன் காரியத்தைத் தானே கவனிக்க முடியாதவர். அதே சொல்லை மக்கள் பிரதிநிதிக்குப் போட்டால் வாக்காளர் மைனர் ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு முன்னால் ஓர் 'அறம்' வேறு. விவாதம் தொடங்கும் முன்பே ஒரு தரப்பு ஜெயித்துவிட்டது. 'ஏவலர்' இதற்கு நேர் எதிர், அது வசைச்சொல். 'மதிவழியர்' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மற்றவர் மதியில்லாதவரா என்று முதல் வாசகரே கேட்பார். 'பேராளர்' நல்ல சொல்தான். ஆனால் மாநாட்டுக்குப் போகிறவர் எல்லாரும் பேராளர். அவர் கையில் கட்டளை இருக்கிறதா இல்லையா என்பது அதில் தெரியாது.

'தூதர்' மட்டும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தது. பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் 1774 நவம்பர் 3ஆம் தேதி பிரிஸ்டல் வாக்காளர்கள் முன் பேசியபோது எடுத்த உவமையும் அதுதான்: நாடாளுமன்றம் என்பது பகை நலன்களின் தூதர்கள் கூடுகிற இடம் இல்லை, ஒரே நாட்டின் ஆலோசனை அவை என்றார். அந்தப் பேச்சு வெறும் தத்துவம் இல்லை. அதே தொகுதியில் அவரோடு தேர்வான ஹென்றி க்ரூகர், வாக்காளர்களின் கட்டளைக்கு உறுப்பினர் கட்டுப்பட வேண்டும் என்ற கருத்துக்காரர். உறுப்பினர் தம் சொந்த யோசனையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பர்க் அவருக்குத்தான் பதில் சொன்னார். 1780இல் அயர்லாந்து வணிகம், கத்தோலிக்கர்கள் மீதான தடைகளைத் தளர்த்துவது போன்ற விஷயங்களில் பிரிஸ்டலோடு முரண்பட்டு, தோற்பது உறுதி என்று தெரிந்ததும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அப்புறம் அவை உறுப்பினர் ஆனது மால்ட்டன் என்ற சிறு தொகுதியிலிருந்து. அது ஒரு பிரபுவின் கைக்குள் இருந்த இடம். பர்க்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மால்ட்டன் வரை வருவதில்லை.

தமிழில் தூதர் என்றால் சொன்னதை மட்டும் சொல்கிறவரா? குறளின் 'தூது' அதிகாரத்துக்குப் பரிமேலழகர் சொல்வதைப் பாருங்கள். தூதுரைப்பவரை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். காலமும் இடமும் அறிந்து எண்ணிச் சொல்கிறவன் முதல் வகை. அரசன் சொல்லி அனுப்பியதை வாய் தவறாமல் சொல்கிறவன் இரண்டாம் வகை. நாம் இத்தனை நாளாக முட்டி மோதும் வேறுபாடு அப்படியே அங்கே இருக்கிறது! ஆகவே டெலிகேட்டுக்கு மட்டும் 'தூதர்' என்று வைக்க முடியாது. தமிழ்த் தூதருக்குள் இரண்டு பேரும் அடக்கம்.

சரி, உரையாசிரியரின் தொடர்களையே எடுத்துக்கொள்ளலாமா என்றால் அதிலும் ஒரு முள். 'கூறியது கூறல்' நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஒன்று. ஒரு தரப்பைப் பிறக்கும்போதே குற்றவாளி ஆக்கிவிடும். இன்னொன்று, அந்தத் தூதரை அனுப்பியவன் அரசன். அவனுக்கு ஒரு வாய். தொகுதிக்கு அப்படி ஒரு வாய் கிடையாது.

இதனால்தான் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 'வாக்காளர் சொன்னபடி' என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டுகிறோம். ஒன்று, எழுத்தில் உள்ள, மீறினால் செல்லாது என்கிற கட்டளை. 1789இல் பிரான்சின் எஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு (மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் அவை) வந்த பிரபுக்களில் பலர், பிரிவுக்கு ஒரு வாக்கு என்பதை விட்டுத் தலைக்கு ஒரு வாக்கு என்ற முறைக்கு ஒப்புக்கொள்ளத் தங்களுக்கு அனுமதி இல்லை என்று தங்களை அனுப்பியவர்களின் கட்டளையைக் காட்டினார்கள். மக்களாட்சிக்கு ஆதரவான ஏற்பாடு என்று நாம் நினைப்பது அன்று பழைய சலுகைகளுக்குக் கேடயமாக நின்றது. இன்றைய பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு அப்படிப்பட்ட கட்டளை எதுவும் செல்லாது என்கிறது.

மற்றொன்று, யாரும் எழுதிக் கொடுக்காத விருப்பம். கருத்துக்கணிப்பு, கடிதம், கூட்டத்தில் எழும் குரல் ஆகியவற்றிலிருந்து உறுப்பினர் ஊகித்துக்கொள்வது. பிரிட்டன் 1965இல் கொலைக்கான மரண தண்டனையை நிறுத்தி வைத்தபோது பொதுமக்களில் பெரும்பான்மையினர் அந்தத் தண்டனை தொடர வேண்டும் என்றே நினைத்தார்கள். உறுப்பினர்கள் அந்த விருப்பத்தை மீறினார்கள். ஆனால் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. 'டெலிகேட்' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. தமிழில் வைக்கும்போதாவது பிரித்து வைப்போம்.

இப்போது ஆளா, வாக்கா என்ற கேள்வி. ஜெர்மனியில் கட்டில்லாத வாக்கும் கட்டுப்பட்ட வாக்கும் ஒரே தலைநகரில் நடக்கின்றன. கீழவை உறுப்பினர் எந்தக் கட்டளைக்கும் கட்டுப்பட்டவர் இல்லை, தம் மனச்சான்றுக்கு மட்டுமே என்கிறது அடிப்படைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு. மாநில அரசுகளின் அவையிலோ ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே பக்கம்தான் விழ வேண்டும். 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்டத்தின் மீது பிராண்டன்பர்க் மாநிலத்தின் முறை வந்தது. கூட்டணி அரசு, ஓர் அமைச்சர் ஆம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அவைத் தலைவர் மாநில முதல்வரை நோக்கித் திரும்பிக் கேட்டார். அவர் ஆம் என்றதும் மொத்தத்தையும் ஆம் என்று கணக்கில் எடுத்தார். டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த வாக்கு செல்லாது என்றது, சட்டமும் விழுந்தது. இல்லை என்ற அந்த அமைச்சர் டெலிகேட்டா, டிரஸ்டியா? எந்தச் சொல்லும் அவர் மீது ஒட்டாது. அவர் போட்ட வாக்கு எந்த விதிக்கு உட்பட்டது என்றுதான் கேட்க முடியும், நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களை ஆராய்ந்த ஹைன்ஸ் யூலாவ், ஜான் வால்கே குழுவினருக்கும் இரண்டு பெட்டி போதவில்லை. விஷயத்துக்கு ஏற்ப இரண்டு விதமாகவும் நடப்பவர்களுக்கென்று 'பொலிட்டிக்கோ' என்று மூன்றாவது ஒன்றை வைத்தார்கள்.

கட்சியை மறந்துவிட வேண்டாம். கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை இந்திய அரசமைப்பில் 1985இல் சேர்ந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். தொகுதி சொன்னதும் இல்லை, சொந்த யோசனையும் இல்லை. இதற்கு ஒரு பெயர் இல்லாத கலைச்சொல் பட்டியல் பாதிக் கிணறுதான்.

ஆகவே என் பரிந்துரை:

ஆணைவழி வாக்கு: கட்டுப்படுத்தும் கட்டளையின்படி போடுவது.
விருப்பவழி வாக்கு: கட்டளை இல்லாமல், வாக்காளர் விரும்புவதாகக் கருதுவதன்படி போடுவது.
தன்முடிவு வாக்கு: உறுப்பினர் தாமே யோசித்துப் போடுவது. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை.
கட்சிவழி வாக்கு: கொறடா சொன்னபடி.

ஆளைக் குறிப்பிட்டே தீர வேண்டிய இடத்தில் ஆணைவழியர், தன்முடிவர் என்று ஆக்கிக்கொள்ளலாம். பொலிட்டிக்கோவுக்கு 'இருவழியர்'. இதில் இரட்டை வேடம் போடுகிறவர் என்ற வாடை லேசாக அடிக்கிறது, தெரியும். 'சூழல்வழியர்' அதைவிடப் பரவாயில்லையா என்று சொல்லுங்கள். மற்ற நான்குக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.