'டைம்' என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் பல சொற்கள்

அகராதியில் 'டைம்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால், 'தியெம்போ' என்ற ஸ்பானியச் சொல்தான் முதலில் கண்ணில் படும். அத்துடன் அகராதியை மூடிவிடுபவர்கள் படும் பாட்டை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

என்னுடன் படித்த ஒருவர், மணி என்ன என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, ஆசிரியையிடம் 'கே தியெம்போ ஆசே?' என்றார். ஆசிரியை சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, மேகமூட்டமாக இருக்கிறது என்றார். அவர் குறும்புக்காக அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வானிலையைத்தான் விசாரிக்கிறது. மணி கேட்பதற்கு 'கே ஓரா எஸ்?' என்று தனி வாக்கியம் இருக்கிறது.

இன்னொரு மாணவி, பாடத்தை மூன்று தடவை படித்ததை 'த்ரெஸ் தியெம்போஸ்' என்று எழுதியிருந்தார். அங்கே 'த்ரெஸ் பெசெஸ்' என்று வரவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தையும் எண்ணிச் சொல்லும் தடவையையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதால் வந்த குழப்பம் இது. தமிழில் யாரும் 'மூன்று நேரம் படித்தேன்' என்று சொல்வதில்லை. 'ஓத்ரா பெஸ்' என்பதோ 'இன்னொரு தடவை' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டில் மட்டும் இவை எதுவும் வராது. ஆங்கிலத்தில் 'டூ டைம்ஸ் த்ரீ' என்பதை அங்கே 'தோஸ் போர் த்ரெஸ்' என்பார்கள்.

தமிழர்கள் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தமிழிலிருந்தே இந்தச் சொற்களை அணுகலாம் என்பது என் கருத்து. வினைச்சொல்லின் காலத்தையும் ஸ்பானிய மொழி 'தியெம்போ' என்றே அழைக்கிறது. நாமும் இறந்தகாலம், எதிர்காலம் என்கிறோம், மழைக்காலம் என்றும் சொல்கிறோம். ஆகவே, வானிலையும் இலக்கணமும் ஒரே சொல்லில் கூடுவது நமக்குப் பெரிய வியப்பாக இருக்க வேண்டியதில்லை. வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலகட்டத்தைச் சொல்ல 'எபோகா' இருக்கிறது.

ஆனால் இந்த வழியிலும் மேடுபள்ளம் உண்டு. 'ராத்தோ' என்றால் சற்று நேரம். 'புவென்' என்றால் நல்ல. இரண்டையும் சேர்த்து, ஒரு கதையில் வந்த 'எஸ்பெரே உன் புவென் ராத்தோ' என்ற வாக்கியத்தை ஒரு நண்பர் 'நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தேன்' என்று மொழிபெயர்த்தார். கதையில் வந்தவர் சோதிடம் பார்த்துக் காத்திருக்கவில்லை. நெடுநேரம் காத்திருந்தார், அவ்வளவுதான்.