ஜோடி எஞ்சின் இழுபறி: லோக்சவுண்ட் 5, ஜிமோ வேகம் ஒத்துவரவில்லை

பட்டர்வொர்த்_லைன்

வணக்கம். எச்ஓ அளவில் இரண்டு மெஹானோ புளூ டைகர் மாடல் ரயில் எஞ்சின், மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் 26 ரக வண்ணம் அடித்தது. ஒன்றில் ஒலி எழுப்பும் ஈஎஸ்யூ லோக்சவுண்ட் 5, மற்றதில் ஒலி இல்லாத ஜிமோ எம்எக்ஸ்; இரண்டும் டிகோடர், அதாவது கட்டளையை வாங்கி எஞ்சின் மோட்டாரை ஓட்டும் சில்லு. தனித்தனியாக ஓட்டினால் குறையே இல்லை. முதுகோடு முதுகாக ஜோடி சேர்த்து 14 கொள்கலன் வேகன் பூட்டினால்தான் தகராறு. ஈஎஸ்யூ முன்னால். நடுவேகத்தில் பின்னது பிரேக் போட்டதுபோல் தொங்குகிறது. முழு வேகத்தில் அதுவே முன்னதை நெட்டித் தள்ளுகிறது. வளைவில் கப்ளர் கழன்றுவிடுகிறது.

2 மீட்டர் நேர்ப்பாதையில், 128 படி முறையில் (வேகத்தைப் படிகளாகப் பிரிப்பது, உச்சம் படி 126), தனியாக ஓட்டி ஸ்டாப்வாட்சில் பார்த்தது: படி 63 இல் ஈஎஸ்யூ 11.0 வினாடி, ஜிமோ 13.0. படி 126 இல் ஈஎஸ்யூ 5.0, ஜிமோ 4.3. ஈஎஸ்யூவில் சிவி 6 ஐ (சிவி என்பது டிகோடருக்குள் எழுதும் அமைப்பு, 6 நடுவேகத்துக்கானது) 60, 100, 140 என்று மாற்றியும் நடுவேகம் அசையவில்லை. டிகோடர் போய்விட்டதா?

செந்தூல்_ஷெட்

டிகோடர் நன்றாக இருக்கிறது தம்பி. லோக்சவுண்ட் 5 சிவி 6 ஐப் பார்ப்பதே இல்லை. அதில் சிவி 67 முதல் 94 வரையுள்ள 28 புள்ளி அட்டவணைதான் எப்போதும் வேலை செய்யும். சிவி 2 அந்த வளைவின் அடியையும், சிவி 5 உச்சியையும் நகர்த்தும்.

ஜிமோ வேறு வழி. உச்ச வேகத்துக்கான சிவி 5 இல் 1 என்று கிடந்தால் முழு வேகம், அதாவது 255 என்று பொருள். சிவி 6 இல் 1 என்றால் நடுப்படியில் உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் அளவே அதைச் சொல்கிறது. எச்ஓ 1:87 என்பதால் மீட்டரை வினாடியால் வகுத்து 313 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் வந்துவிடும். ஜிமோ நடுவில் 48, உச்சியில் 146. சரியாக மூன்றில் ஒன்று. ஈஎஸ்யூ 57, 125, கிட்டத்தட்டப் பாதி. இரண்டு வளைவும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அதற்குக் கீழே ஒன்று தொங்கும், மேலே அதுவே நெட்டும்.

ஈஎஸ்யூவைத் தொடாதீர்கள், ஜிமோவை அதற்கு இணங்க வையுங்கள். மெதுவானதை அதன் உச்சத்துக்கு மேல் விரட்ட முடியாது, வேகமானதை அடக்கலாம். இங்கே வேகமானது ஜிமோ என்பது உங்கள் அதிர்ஷ்டம். சிவி 5 = 255 × 4.3 ÷ 5.0, அதாவது 219. சிவி 6 க்கு, மூன்றில் ஒன்று என்பது 85; 85 × 13 ÷ 11 = 100. இரண்டையும் எழுதுங்கள். சிவி 6 ஐ 1 ஆகவே விட்டுவிட்டு 5 ஐ மட்டும் குறைத்தால் நடுவேகமும் கூடவே இறங்கி, இழுபறி இன்னும் மோசமாகும்.

பிரிக்பீல்ட்ஸ்_டிராக்

கணக்கு சரி. அளந்த நிலைமை சரியா? இரண்டையும் முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு அளந்தீர்களா? கிரீஸ் இளகாத எஞ்சின் காட்டும் எண் அரைமணியில் பொய்யாகிவிடும். அளக்கும்போது இரண்டிலும் வேகம் ஏறும், இறங்கும் நேரத்துக்கான சிவி 3, சிவி 4 பூஜ்யமாக இருக்க வேண்டும். எஞ்சின் அளக்கும் இடத்துக்கு வருமுன்பே சீரான வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். ரோலிங் ரோடு (எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும் உருளைத் தாங்கி) மேல் வைத்து அளப்பது இதற்கு உதவாது, தண்டவாளத்தில் உள்ள பாரம் அதில் இல்லை.

சக்கரத்தில் கறுப்புப் படிவம் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். மின்னழுத்தம் பாதை முழுக்க ஒன்றுபோல் வருகிறதா என்றும் பாருங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டரிலிருந்து எட்ட உள்ள மூலையில் ஐம்பது காசு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் பூஸ்டர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் கம்பி மெலிது, அல்லது பாதைக்கு இறங்கும் இணைப்புகள் போதவில்லை. அதைச் சரிசெய்யாமல் சிவி தொடுவது வீண்வேலை.

இன்னொன்று. முதுகோடு முதுகு என்றால் ஜிமோ எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது. நீங்கள் அளந்தது எந்தப் பக்கம்?

பட்டர்வொர்த்_லைன்

இரண்டும் முன்னோக்கித்தான் அளந்தேன் அண்ணே. நாணயம் வைத்ததும் வெட்டுகிறது. சூடாக்கி, 219, 100 எழுதிப் பார்த்தால் ஜிமோ படி 126 இல் 4.9, படி 63 இல் 10.8. ஈஎஸ்யூ மாறவில்லை. ஜிமோ பின்னோக்கிப் படி 63 இல் 11.1.

செந்தூல்_ஷெட்

அதே விகிதத்தில் இன்னொரு தடவை தட்டுங்கள்: சிவி 5 ஐ 215, சிவி 6 ஐ 98. முன்னோக்கி இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னோக்கி ஒரு நூற்றில் மூன்று பங்கு மெதுவாக இருக்கும். அதை நான் விட்டுவிடுவேன். பின்னால் நிற்பது ஒரு துளி மெதுவாக ஓடினால் கப்ளர் இறுக்கமாக நிற்கும், நெட்டல் வராது. வண்டி திரும்பி வரும்போது ஜிமோ முன்னால் நின்று முன்னோக்கி ஓடும், ஈஎஸ்யூவின் பின்னோக்கு வேகமும் அதே அளவாக இருந்தால் அப்போதும் ஒத்துப்போகும். கட்டாயம் சமமாக்க வேண்டும் என்றால் ஜிமோவின் சிவி 95 பின்னோக்கு வேகத்தை மட்டும் திருத்தும் டிரிம். 128 இல் மாற்றமில்லை. 131, 132 வைத்தால் அந்த மூன்று பங்கு கூடும்.

நூற்றில் ஐந்துக்குள் வந்தால் 14 வேகன் பாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு மேல் துல்லியம் தேடி ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம்.

பிஎம்_பாயிண்ட்ஸ்

நான் வேறு மாதிரி சொல்வேன். இரண்டு டிகோடரிலும் பேக் ஈஎம்எஃப் (மோட்டார் வேகத்தை உணர்ந்து அதை மாறாமல் காப்பது) முழு வீச்சில் இருந்தால், தன் வேகம்தான் சரி என்று இரண்டும் அடம்பிடிக்கும். பின்னால் உள்ளதில் அதைத் தளர்த்துங்கள். ஜிமோவில் சிவி 58, 255 இலிருந்து 150 பக்கம் இறக்கினால் முன்னது இழுக்கும் வேகத்துக்கு இது விட்டுக்கொடுக்கும். வேகம் கொஞ்சம் பிசகினாலும் வண்டி ஓடும்.

செந்தூல்_ஷெட்

ஓடும், ஆனால் அதைக் கடைசியில் செய்யுங்கள். சிவி 58 ஐக் குறைத்தாலே பாரத்தில் வேகம் இறங்கும். இதுவரை அளந்ததெல்லாம் மாறிப்போகும். ஏற்றத்தில் அந்த எஞ்சின் தனியாகப் போகும்போது முக்கும். வேகத்தை ஒத்திசைத்த பிறகும் உதறல் இருந்தால் மட்டும் தொடலாம்.

ஈஎஸ்யூ பக்கம் தாழ்வேகத்தில் குலுங்கினால் அதற்குத் தானியங்கி அளவீடு இருக்கிறது. சமமான நீண்ட நேர்ப்பாதையில் நிறுத்தி, சிவி 54 இல் 0 எழுதி, எஃப்1 அழுத்துங்கள். எஞ்சின் ஓரிரு வினாடி முழு வேகத்தில் பாயும், முன்னால் இடம் விடுங்கள். ஆனால் இதைச் செய்தால் ஜிமோவை மறுபடி அளக்க வேண்டிவரும். செய்வதானால் எல்லாவற்றுக்கும் முன் செய்வதுதான் சரி.

பட்டர்வொர்த்_லைன்

215, 98 இல் கப்ளர் கழல்வது நின்றுவிட்டது. இரண்டு மிச்சம். புறப்படும்போது ஜிமோ முதலில் அசைந்து, நிற்கும் ஈஎஸ்யூவைத் தள்ளுகிறது. படி 95 அருகில் லேசான இழுப்பு.

பிரிக்பீல்ட்ஸ்_டிராக்

முதலாவது ஒலியால் வருவது. ஈஎஸ்யூ எஞ்சின் ஸ்டார்ட் ஒலி முடியும்வரை நகராது, ஜிமோவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நிற்கும்போதே எஞ்சின் ஒலியை எழுப்பி, அது சீரான பிறகு ஜோடியை நகர்த்துங்கள். பூஜ்யமாக்கிய சிவி 3, 4 ஐத் திரும்ப வைக்கும்போது இரண்டிலும் ஒரே எண் போட்டால் ஒரே நேரம் ஆகும் என்று நம்ப வேண்டாம், அது டிகோடருக்கு டிகோடர் மாறும். நின்ற நிலையிலிருந்து படி 63 க்கு எத்தனை வினாடி என்று இரண்டையும் பார்த்து ஜிமோவின் எண்ணை மாற்றுங்கள். எல்லாம் சரியாகியும் முதல் படியில் ஒன்று முந்தினால் தொடக்க வேகத்துக்கான சிவி 2 ஐ மாற்றுங்கள்.

படி 95 இழுப்புக்குக் காரணம், ஜிமோ மூன்று புள்ளியில் (சிவி 2, 6, 5) போகிறது, ஈஎஸ்யூ 28 புள்ளி வளைவில் போகிறது. இடைப்பட்ட இடத்தில் கொஞ்சம் விலகும். உறுத்தினால் ஜிமோவையும் அட்டவணைக்கு மாற்றலாம். ஆனால் அட்டவணையையும் முகவரி வகையையும் தீர்மானிக்கும் சிவி 29 ஐ முதலில் படியுங்கள். நான்கு இலக்க முகவரி (எஞ்சினை அழைக்கும் எண்) போட்டிருந்தால் பெரும்பாலும் 46 இருக்கும், அதோடு 16 கூட்டி 62 எழுத வேண்டும். வெறும் 16 எழுதினால் நீள முகவரி அணைந்துவிடும், அந்த எண்ணில் எஞ்சின் பதில் சொல்லாது. அட்டவணையில் படி 63 என்பது சிவி 80, படி 95 ஏறக்குறைய சிவி 87. ஜேஎம்ஆர்ஐயின் டிகோடர்புரோ என்ற கணினி மென்பொருளில் கோடுகளை இழுத்தே வளைவை வரையலாம், 28 எண்ணைக் கையால் தட்ட வேண்டியதில்லை.

பிஎம்_பாயிண்ட்ஸ்

ஜோடியைப் பிரித்த பிறகு ஒன்று தன் முகவரிக்கு மசியவில்லை என்றால் சிவி 19 ஐப் பாருங்கள். ஜோடியாக ஓட்டக் கொடுத்த எண் அதிலேயே தங்கியிருக்கும், திசை மாற்றி நிறுத்தியதில் 128 கூட்டிய எண்ணாக இருக்கும். 0 எழுதினால் எஞ்சின் திரும்பிவிடும்.