படலைக்கு வெளியே நின்ற பிடவைக்காரர்

கல்லடியிலிருந்து:

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டில் 31 பேரை இழந்தோம். அதில் 14 பேர் பிள்ளைகள். ஞாயிறு பள்ளி முடிந்து சாப்பிட நின்ற பிள்ளைகள். ஒரு பிள்ளை எங்கள் சொந்தம். குண்டோடு வந்தவன் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி என்று தெரிந்த பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு முஸ்லிம் வியாபாரியும் வரவில்லை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

எங்களுக்கு வருஷக்கணக்காகப் பிடவை, அதாவது துணிமணி, தந்த காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் இருக்கிறார். சாறன், போர்வை, நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) சட்டைத்துணி எல்லாம் கடனுக்குத் தருவார். அந்த வருஷம் நத்தாருக்குக் கொஞ்சம் முந்தி திரும்ப வந்தார். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார், பொதியை அவிழ்க்கவில்லை. "மாமி, பாக்கிக்காசுக்கு வரல்ல. உங்கட முகத்தப் பாக்க வெக்கமாக் கிடந்துச்சி, அதான் இவ்வளவு நாளா வரல்ல" என்றார். அம்மா, "நீயா செஞ்ச தம்பி? உள்ளுக்கு வா" என்றா.

தேத்தண்ணி கொடுத்துவிட்டு அம்மா கேட்டா: "தொண்ணூறில உங்கட வீட்டில யாரும் போனதா?" அதுவரை எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத கதை அது. 1990 ஆகஸ்ட் 3, இஷா என்ற இரவுத் தொழுகை நேரம், காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் புகுந்து புலிகள் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவருடைய வாப்பா அதில் ஒருவர். இவருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குக் கூட்டிப்போகவில்லையாம். சொல்லி முடிக்கும்வரை கோப்பையைக் கீழே வைக்கவேயில்லை.

அம்மா அவருக்காகச் செபித்தா, இயேசுவின் பெயரால்தான். செபம் முடியும்வரை அவர் கையேந்தியபடி இருந்தார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை "மன்னித்துவிட்டீர்களா" என்று வெளியாட்கள் அவசரப்படுத்தக் கூடாது. செத்துப்போன எங்கள் சொந்தக்காரப் பிள்ளையின் தாய் கல்முனைக்குப் போவதென்றால் காத்தான்குடியைத் தாண்டித்தான் போகவேண்டும். அவ இன்னும் போவதில்லை. அவவுடைய விசுவாசம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

புளியந்தீவிலிருந்து:

நீங்கள் தொண்ணூறு என்றதும் எனக்கு ஹெபர்ட் பாதரின் ஞாபகம் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு, புனித மிக்கேல் கல்லூரியில் எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். ஏறாவூரில் முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட அதே வாரம் அது. ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ்ப் பொடியனோடு காணாமற்போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்களோடு விளையாடிய ஏறாவூர் நண்பன் ஒருவன் ஆகஸ்ட் பிறந்தால் பாதருக்குப் பூசை வைக்கச் சொல்லி என்னிடம் காசு தருவான். யார் செய்தது என்பதில் அவன் நம்புவது வேறு, நான் நம்புவது வேறு. ஒருதரம் சத்தம்போட்டுப் பிரிந்துமிருக்கிறோம். ஆனாலும் காசு வராமல் இருந்ததில்லை. போன வருஷம் பூசைக் கருத்துகள் வாசிக்கும்போது குருவானவர் அவன் பெயரையும் சேர்த்தே வாசித்தார்.