ஓஎல்இடி பிக்சல் சுற்றைச் சுருக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கையடக்கக் கருவி ஒன்றின் ஓஎல்இடி திரைக்காக, ஏழு டிரான்சிஸ்டர்களும் ஒரு கெப்பாசிட்டரும் கொண்ட வழக்கமான பிக்சல் சுற்றை, அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியையும் இயக்கும் மின்சுற்றை, சுருக்க முயன்று வருகிறேன். இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட எளிய சுற்று இடத்தை மிச்சப்படுத்தும் என்றாலும், ஓஎல்இடிக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ‘ஓட்டும்’ டிரான்சிஸ்டரின் த்ரெஷோல்டு வோல்டேஜ் (அது கடத்தத் தொடங்கும் மின்னழுத்தம்) பிக்சலுக்குப் பிக்சல் வேறுபடுவதால், ஒரே சாம்பல் நிறத்தைக் காட்டும்போதுகூடத் திரை திட்டுத்திட்டாகத் தெரியும். எனவே அந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் பகுதியை நீக்க இயலாது.

மின்செலவைக் குறைக்க, அசையாத படங்களுக்குப் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு இறக்க விரும்புகிறேன். அவ்வாறு செய்தால் பிக்சலின் ஒளிர்வை நிர்ணயிக்கும் மின்னழுத்தத்தைக் கெப்பாசிட்டர் ஒரு நொடி முழுவதும் தக்கவைக்க வேண்டும். ஆனால் சுவிட்சுகளாக இயங்கும் மற்ற பாலிசிலிக்கான் டிரான்சிஸ்டர்களின் கசிவால் அது நழுவி, புதுப்பிக்கும் கணத்தில் சிமிட்டல் தெரியும். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் இடம் போய்விடும். ஓட்டும் டிரான்சிஸ்டரின் கேட் முனையை (அதைக் கட்டுப்படுத்தும் முனையை) தொடும் இரு சுவிட்சுகளை மட்டும் ஆக்சைடு டிரான்சிஸ்டர்களாக மாற்றினால் கசிவு வெகுவாகக் குறையும். ஆனால் மற்றவை பி-வகையாக இருக்க, இவை எதிர்த்திசைச் சமிக்ஞையில் இயங்கும் என்-வகை என்பதால் தனி ஸ்கேன் கம்பி (சுவிட்சுகளைத் திறந்து மூடும் சமிக்ஞைக் கம்பி) தேவைப்படுகிறது.

ஒளிரும் நேரத்தில் மட்டும் மின்சாரத்தை அனுமதிக்கும், மின்வழங்கல் பக்கத்து ஒளிர்வுச் சுவிட்சை அடுத்தடுத்த துணைப்பிக்சல்களுக்கு (ஒரு பிக்சலின் தனித்தனி நிறப் பகுதிகளுக்கு) பொதுவாக்கலாமா என்பதே என் முதன்மையான கேள்வி. ஒளிர்வளவைக் குறிக்கும் தரவு, அந்தச் சுவிட்சோடு இணைந்த ஓட்டும் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனை வழியாக நுழையும் இச்சுற்றில், அப்படிப் பகிர்ந்தால் இரு தரவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தரவைக் கெப்பாசிட்டர் வழியாகச் செலுத்தியோ, எழுதும் நேரத்தைப் பிரித்தோ இதைத் தவிர்த்தவர்கள், தங்கள் லேஅவுட்டில் உண்மையில் இடம் மிச்சமானதா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.