ஜெர்மனி நர்ஸ் வேலை: மியூனிக்கா, தள்ளியிருக்கிற சின்ன ஊரா?

களியக்காவிளை_பாப்பா:
ஜெர்மன் மொழியில பி2 லெவல் பரீட்சை முடிஞ்சாச்சு. கையில ரெண்டு கான்ட்ராக்ட்: ஒண்ணு மியூனிக், இன்னொண்ணு அங்கிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். சம்பளம் ஏறக்குறைய ஒண்ணுதான். வீட்டுக்காரரும் 3 வயசுப் பிள்ளையும் ஆறு மாசத்துல வரணும். சின்ன ஊர்னா வாடகை கம்மி, பணம் மிஞ்சும்ங்கிறாங்க. சரியா?

குழித்துறையான்:
வாடகை கம்மிதான் தங்கச்சி. ஆனா முதல்ல பஸ்ஸைப் பாருங்க. காலை ஷிப்ட் பெரும்பாலும் 6 மணிக்கு. ஜெர்மன் ரயில்வேயோட டிபி நாவிகேட்டர் ஆப்பில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை 5.45-க்குள்ள போய்ச் சேர வண்டி இருக்கான்னு தேடுங்க. ராத்திரி 9.30-க்கு மேல திரும்பவும் பாருங்க. திங்கள் பகல்ல தேடினா எல்லா ஊரும் நல்ல ஊராத்தான் தெரியும். கிராமத்து பஸ் பல ஸ்கூல் நேரத்துக்கு ஓடுறது. லீவு விட்டா அந்த ட்ரிப் இருக்காது.

களியக்காவிளையில நின்னா திருவனந்தபுரம் வண்டி வந்துக்கிட்டே இருக்கும், ஊர் எங்க முடியுதுன்னே தெரியாது. ஜெர்மனியில ஊர் எல்லையில மஞ்சள் பலகையில ஊர்ப்பேரு, பின்னாடி அதே பேரு மேல குறுக்கா சிவப்புக் கோடு. அதைத் தாண்டினா வயல்தான், தெருவிளக்குகூட கிடையாது.

கார் வாங்கிக்கலாம்னா, நம்ம லைசென்ஸ் அங்க குடியேறின நாள்ல இருந்து 6 மாசம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு ரெண்டும் பாஸ் பண்ணணும். எழுத்துத் தேர்வை இங்கிலீஷ்ல எழுதலாம், தமிழ்ல கிடையாது. அதுக்குச் செலவும் நல்லா ஆகும். நாடு முழுக்க லோக்கல் பஸ், ரயிலுக்கான மாதப் பாஸ் 2026-ல 63 யூரோ. ஆனா பஸ்ஸே இல்லாத ஊர்ல பாஸ் எதுக்கு?

பாறசாலை_அக்கா:
வாடகைன்னு சொன்னா 'கால்ட்'டா 'வார்ம்'மான்னு கேளு மோளே. கால்ட்ல ஹீட்டிங், தண்ணி சேராது. வார்ம்லயும் கரண்டு பெரும்பாலும் தனி. பல வீட்டுல அடுக்களையே இருக்காது, சிங்க், அடுப்பு எல்லாம் நாமதான் வாங்கிப் போடணும். அட்வான்ஸ் மூணு மாசக் கால்ட் வாடகைக்கு மேல கேட்கச் சட்டம் விடாது, அதையும் மூணு தவணையா கட்டலாம்.

பிள்ளை விஷயம்தான் பெருசு. கிண்டர்கார்ட்டன் பெரும்பாலும் 7 மணிக்குத்தான் திறக்கும், உன் ஷிப்டு 6-க்கு. காலையில வீட்டுக்காரர் வீட்டுல இருந்தே ஆகணும். சின்ன ஊர்ல சிலது மத்தியானமே மூடிருவாங்க. மியூனிக்ல நேரம் நீளம், இடம் கிடைக்கிறதுதான் பாடு. வீட்டுக்காரருக்கு ஜெர்மன் தெரியாதுன்னா இங்கிலீஷ் வச்சு வேலை தேட மியூனிக்தான் தேவலை.

இன்னொண்ணு, நம்ம நர்ஸிங் படிப்புக்கு அங்க அங்கீகாரம் கிடைக்கிறவரை உதவியாளர் சம்பளம்தான். அங்கீகாரத் தேர்வுக்கான வகுப்பு எந்த ஊர்லன்னு எழுதி வாங்கு.

குழித்துறையான்:
அக்கா சொன்னதோட, கிராமத்து வயசான நோயாளிங்க அந்த வட்டாரத்து பவேரியப் பேச்சுதான் பேசுவாங்க. பி2 படிச்சவங்களுக்கு முதல் மூணு மாசம், நம்ம விளவங்கோட்டுப் பேச்சைக் கேட்ட மெட்ராஸ்காரன் நிலைமைதான்.

களியக்காவிளை_பாப்பா:
ஞாயிறு போட்டுப் பார்த்தேன். முதல் பஸ்ஸே 8.20.

பாறசாலை_அக்கா:
அப்போ ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ் நடக்கிற தூரமா, எத்தனை மாசத்துக்குத் தருவாங்க, குடும்பம் வந்தா தங்கலாமான்னு மெயில் போடு. மூணுக்கும் பதில் வராம கையெழுத்துப் போடாதே.