ஆபரேஷன் இல்லாமல் 40 கிலோ குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். வயது 43, உயரம் 160 சென்டிமீட்டர். மூன்று மாதம் முன்பு அரிசிக் கடை மேடைத் தராசில் ஏறினேன்: 118 கிலோ. பர்மா வீசையில் 72-க்கு மேல். "ரெண்டு மூட்டைக்கும் மேலே போகுதே அக்கா" என்று கடைத் தம்பி சிரித்தான்.

பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 46 என்பதால் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு நான் தகுதியானவள் என்றார் டாக்டர். எனக்குப் பயம், அதற்குப் பணமும் இல்லை.

அதனால் மதியச் சோற்றைப் பாதியாக்கினேன். டீக்கடையின் கண்டென்ஸ்ட் மில்க் டீயை விட்டேன். மாலையில் கண்டோஜி ஏரிக்கரையில் நடக்கிறேன். 7 கிலோ இறங்கியது. அப்புறம் ஐந்து வாரமாக முள் அசையவே இல்லை.

வீட்டில் மாமியாருக்கு, எண்ணெய் மேலே மிதக்காவிட்டால் அது குழம்பே இல்லை. காலையில் சாப்பிடும் மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவோ, சுரைக்காய் பஜ்ஜியை நொறுக்கிப் போடாமல் எனக்கே தொண்டையில் இறங்காது. சரி, குற்றம் என் மீதும்தான்.

பட்டினி யோசனை மட்டும் வேண்டாம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். சோற்றைக் குறைத்த புதிதில் ஒருநாள் ஏரிக்கரையிலேயே சர்க்கரை ரொம்ப இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டேன். பிறகு டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். மளமளவென்று இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம் என்றும் எச்சரித்தார்.

நான் கேட்பது இவைதான். எடை இப்படி நின்றபோது எதை மாற்றினீர்கள்? முட்டி வலியோடு என்ன உடற்பயிற்சி செய்தீர்கள்? வீட்டுக்கே ஒரே குழம்பு வைத்து எப்படிச் சமாளித்தீர்கள்? தொங்கும் தோல் பற்றியும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பவுடர் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வரவேண்டாம்.