மறு: ‘நாய் வீரர்’ வேண்டாம், ‘தொக்காலாப் பரிவீரர்’ ஆகட்டும்

வணக்கம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 கணினி விளையாட்டின் தமிழாக்கத்தில், வட அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டாக்களின் ‘டாக் சோல்ஜர்’ என்ற குதிரைவீரர் அலகுக்கு (விளையாட்டில் இயக்கும் படையாளுக்கு) என்ன பெயரிடுவது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி. நீங்கள் எழுதியிருந்தது:

> டாக் சோல்ஜர் = நாய்ப்படை வீரர். நேரடியாகவே இருக்கட்டுமே?

ஐயா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நாய் வசைச்சொல் என்பதற்காகச் சொல்லவில்லை. லகோட்டாக்களிடம் நாய் இழிவே இல்லை. குதிரை வருமுன் அவர்களுடைய சுமைகளை இழுத்தது நாய்தான். குதிரை வந்ததும் அதற்கு வைத்த பெயரும் ‘சுங்க வக்கான்’, அதாவது வியத்தகு தெய்வீக நாய்.

சிக்கல் வேறு. அந்தப் பெயர் லகோட்டாக்களுடையதே அல்ல. நாய் வீரர்கள் ஷெயென் எனும் வேறொரு பழங்குடி மக்களின் போர்க்குழு. அவர்களில் தேர்ந்த சிலர் தோளில் நீண்ட தோல்பட்டை அணிவார்கள். அதன் முனையை முளையடித்து நிலத்தில் ஊன்றிவிட்டால் அந்த இடத்தை விட்டுப் பின்வாங்கக் கூடாது. லகோட்டாக்களும் ஷெயென்களும் தோழமை மக்கள். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படையைச் சேர்ந்தே முறியடித்தார்கள். அதற்காக ஒருவர் பெயரை மற்றவர்க்குச் சூட்டலாமா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 விளையாட்டிலேயே இது திருத்தப்பட்டுவிட்டது. 2006-இல் வந்த வார்சீஃப்ஸ் விரிவாக்கத்தில் ‘சூ’ என்று இருந்த மக்கள், 2020 மறுபதிப்பில் ‘லகோட்டா’ ஆனார்கள். ‘சூ’ அயலார் வாய்வழி வந்த பெயர். லகோட்டா அவர்களே தங்களை அழைத்துக்கொள்வது. டாக் சோல்ஜரும் தொக்காலா வீரர் ஆனார். மூலத்தில் களைந்த பிழையைத் தமிழில் நாம் மீண்டும் நடுவானேன்?

தொக்காலா என்பது புல்வெளியில் வாழும் சிறு நரி. அந்தப் பெயரில் அமைந்த குழு, லகோட்டாக்களின் ‘அகிச்சித்தா’ எனும் வீரர் குழுக்களில் ஒன்று. போர் மட்டும் அவர்கள் வேலையன்று. ஊர் இடம்பெயரும்போதும் காட்டெருமை வேட்டையின்போதும் ஒழுங்கு காப்பதும் இத்தகைய குழுக்களின் பொறுப்பு. ஒருவன் முந்திக்கொண்டு ஓடி மந்தையைக் கலைத்தால் ஊரே பட்டினி கிடக்க நேரும் என்பதால் தண்டனை கடுமையாக இருந்தது.

‘நரிப்படை’ என்று மற்றொருவர் எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் நம் காதில் நரி என்றதும் வஞ்சகம்தான் விழும். அவர்களுக்கோ அது சுறுசுறுப்புக்கும் போர்த்திறனுக்கும் அடையாளம். எனவே பெயரை ஒலிபெயர்த்து, பொருளை விளக்கக் குறிப்பில் தரலாம். எழுத்திலும் கவனம் வேண்டும். ‘தோகலா’ என்றால் ககரம் மெலிந்து ஒலிக்கும், தோகை நினைவுக்கு வரும். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் ‘தொக்காலா’ நெருக்கமாக இருக்கிறது.

அடுத்து, வீரர். ‘மறவர்’ அழகான சொல், ஆனால் இன்று சாதிப்பெயராகவும் வழங்குகிறது. அயல்நாட்டு மக்கள் மேல் ஏற்ற வேண்டாம். ‘சிப்பாய்’ கூலிக்கு அமர்ந்த படையாளை நினைவூட்டுகிறது. இவர்கள் குழுவில் சேரும்படி அழைக்கப்பட்டவர்கள். ‘குதிரைப்படை’ முழுப் படையைக் குறிக்கும், நாம் பெயரிடுவதோ ஓர் அலகுக்கு. குதிரையைக் குறிக்கும் ‘இவுளி’ சங்கத் தமிழில் இனிக்கிறது. விளையாடும் பிள்ளைக்கு அகராதி தேவைப்படும். பரி, புரவி இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. திரையில் பொத்தானுக்குள் அடங்க வேண்டும் என்பதால் குறுகிய ‘பரி’யைத் தேர்கிறேன்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஆக்ஸ் ரைடர் ‘கோடரிப் பரிவீரர்’, போ ரைடர் ‘வில் பரிவீரர்’ என்று லகோட்டாக் குதிரை அலகுகள் எல்லாம் ஒரே குடும்பமாக நிற்கும். தொக்காலாவின் ஆங்கிலப் பெயரில் குதிரையே இல்லை. தமிழில் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

என் முன்மொழிவு: தொக்காலாப் பரிவீரர். விளக்கக் குறிப்பு: ‘லகோட்டாக்களின் நரிக்குழு வீரர்; குதிரைமேல் இருந்து நெருங்கிப் பொருபவர்.’

ரைஃபிள் ரைடர் மட்டும் பாக்கி. துமுக்கிப் பரிவீரரா, துப்பாக்கிப் பரிவீரரா? நான் துப்பாக்கியின் பக்கம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் சேர்க்கும் முன் பேசிவிடலாம்.